எண்ணெய்ச் சட்டியில் ஒரு வேதியியல் பாடம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் – வேதியியல்)

சமையல் என்பது கலையா, அறிவியலா? யாரிடம் கேட்டாலும் "கலைதான்" என்ற விடையே முதலில் வரும். ஆனால் வேதியியல் பயிலும் நம்மைப் போன்றோர் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். குறித்த அளவில் பொருள்களைச் சேர்த்து, குறித்த வெப்பநிலையில், குறித்த நேரம் வைத்திருந்து, புதிய பொருள் ஒன்றைப் பெறுவதைத்தானே நாம் ஆய்வுக்கூடத்தில் செய்கிறோம்? அடுப்பங்கரையில் நடப்பதும் அதுவேதான். ஒரே ஒரு வேறுபாடு: ஆய்வுக்கூடத்தில் கிடைப்பதை யாரும் சுவைத்துப் பார்ப்பதில்லை!

இக்கல்வியாண்டில் நம் வேதியியல் மன்றத்தின் சார்பில் 'உணவில் வேதியியல்' என்னும் கண்காட்சி நடைபெற்றதை நண்பர்கள் அறிவர். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஓர் உணவைத் தேர்ந்து, அதைச் செய்து காட்டி, அதிலுள்ள வேதியியலை விளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நான் எடுத்த சீட்டில் 'ஜப்பான் – டெண்டோன்' என்று எழுதியிருந்தது. அதுவரை நான் கேள்விப்பட்டிராத பெயர் அது.

நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடியபோது செய்தி விளங்கிற்று. இறாலையும் காய்கறிகளையும் மெல்லிய மாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரித்தால் அது டெம்புரா. அந்த டெம்புராவைச் சூடான சோற்றின்மேல் அடுக்கி, உப்பும் இனிப்பும் கலந்த சாறு ஊற்றி, ஆழமான கிண்ணத்தில் கொடுத்தால் அது டெண்டோன். 'டோன்புரி' என்பது அந்தக் கிண்ணத்தின் பெயர். டெம்புராவின் தலையையும் டோன்புரியின் தலையையும் சேர்த்துப் பிறந்த சொல் டெண்டோன்.

படத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பதா? இது பஜ்ஜி அல்லவா!

நான் திடுக்கிட்டதன் காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். என் தந்தையார் நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு வெளியே, மாலை நேரத்தில், தள்ளுவண்டியில் பஜ்ஜியும் வடையும் போட்டு விற்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாம் ஆண்டில் தோழர்கள் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டபோது "வியாபாரம்" என்றேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை வண்டியருகே நின்று வாழைக்காய் சீவிக் கொடுத்தவன், கல்லூரியில் சேர்ந்த பின் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் தோழர்கள் நால்வருடன் அவ்வழியே வர நேர்ந்தது. அவர்கள் அந்த வண்டியிலேயே பஜ்ஜி வாங்கினார்கள். அப்பா என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோலவே எனக்கும் தாளில் வைத்துக் கொடுத்தார். நான் நீட்டிய காசையும் வாங்கிக்கொண்டார். அன்றிரவு வீட்டிலும் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

இக்கட்டுரை டெண்டோனைப் பற்றியதே. ஆயினும் இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல என்னால் இயலவில்லை.

கப்பலேறி வந்த உணவு

ஜப்பானியருக்குத் தொன்றுதொட்டு வந்த உணவு டெம்புரா என்று நினைத்தால் தவறு. 1543ஆம் ஆண்டு போர்ச்சுக்கீசியர் ஜப்பானின் தனேகாஷிமா என்னும் தீவை அடைந்தனர். 1571 முதல் நாகசாக்கி அவர்களது வணிகத் துறைமுகமாயிற்று. மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறை அவர்கள் வழியே அங்கே பரவியது. கத்தோலிக்கர் இறைச்சியை விலக்கி நோன்பிருக்கும் நாள்களுக்கு இலத்தீன் மொழியில் 'தெம்போரா' என்னும் பெயருண்டு. அந்நாள்களில் மீனையும் காய்கறியையும் பொரித்து உண்டதால் இப்பெயர் வந்தது என்பது பெருவழக்கான கருத்து. சுவையூட்டுதல் என்னும் பொருள் தரும் 'தெம்பேரோ' என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லே மூலம் என்பாரும் உளர். 1639இல் போர்ச்சுக்கீசியர் ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆட்கள் போய்விட்டார்கள், எண்ணெய்ச் சட்டி தங்கிவிட்டது.

இந்த வரலாறு நமக்கும் தொலைவானதன்று. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் சமயப் பணி செய்த பிரான்சிஸ் சவேரியார்தாம் 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கியவர். அப்பா தம் பஜ்ஜி மாவில் போடும் மிளகாய்த்தூள் இருக்கிறதே, அந்த மிளகாயும் போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் நாட்டுக்கு வந்ததே.

இன்றைய டோக்கியோ நகருக்கு 1868 வரை எடோ என்பது பெயர். அந்நகரில்தான் டெம்புரா மக்கள் உணவாயிற்று. எடோ மர வீடுகள் நெருங்கிய நகரம். 1657இல் மூண்ட பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அத்தகைய ஊரில் வீட்டுக்குள் சட்டி நிறைய எண்ணெய் காய்ச்சுவது ஆபத்தல்லவா? ஆகவே டெம்புரா தெருவோரக் கடைகளில் வளர்ந்தது. எடோ விரிகுடாவில் பிடித்த மீனையும் இறாலையும் குச்சியில் குத்தி, நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள். கூலியாட்களும் கைவினைஞர்களும் நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்கள்.

இன்றோ டோக்கியோவின் கின்சாப் பகுதியில் டெம்புராவுக்கென்றே உயர்ந்த விலையில் உணவகங்கள் உள்ளன. சமையற்காரர் விருந்தினர் எதிரே நின்று ஒவ்வொரு துண்டாகப் பொரித்து வைக்கிறார். அவர் முன்னோர் தெருவோரத்தில் கடை போட்டவர்கள் என்பதை அங்கே யாரும் மறைப்பதில்லை. அதைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்தேன்.

அடிக்கக் கூடாத மாவு

இனி என் முதல் தோல்வியைக் கூறுகிறேன். டெம்புராவும் பஜ்ஜியும் ஒன்றே என்று எண்ணிவிட்டேன். மைதா மாவில் தண்ணீர் ஊற்றி, கட்டியே இல்லாமல், அப்பா கடலை மாவை அடிப்பதுபோல நன்றாக அடித்து, அரை மணி நேரம் ஊறவும் வைத்தேன். பொரித்து எடுத்தபோது வந்தது டெம்புராவன்று, தோல்! கத்தரிக்காயைச் சுற்றிச் செருப்புத் தோல் தைத்ததுபோல் இருந்தது. என் தங்கை ஒரு வாய் கடித்துவிட்டு, மென்றுகொண்டே எழுந்து போய்விட்டாள்.

காரணம் என்ன? கோதுமை மாவில் கிளையடின், குளூட்டெனின் என்னும் இருவகைப் புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று இணைந்து குளூட்டன் என்னும் வலைப்பின்னலாகின்றன. பிசையப் பிசைய அவ்வலை வலுப்பெறும். பரோட்டா மாவு இழுத்தால் நீள்வது இதனால்தான். பரோட்டாவுக்கு வேண்டிய இக்குணம் டெம்புராவுக்குப் பகை. வலுவான வலை, நீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. நீர் வெளியேறாத இடத்தில் மொறுமொறுப்பு ஏது?

கடலை மாவில் குளூட்டன் கிடையாது. ஆகவே அப்பா எவ்வளவு அடித்தாலும் தீங்கில்லை. காற்று புகுந்து மாவு இலேசாகுமே தவிர இறுகாது. ஒரே வகையான சட்டி, ஒரே வகையான செயல். ஆனால் புரதம் வேறானதால் விதி தலைகீழாகிறது!

எனவே டெம்புரா மாவுக்கு நான்கு விதிகள். முதலாவது, புரதம் குறைந்த மாவு வேண்டும். நம் மைதாவுடன் சிறிது அரிசி மாவு கலந்தால் குளூட்டனின் பங்கு குறையும். இரண்டாவது, தண்ணீர் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருக்க வேண்டும்; குளிர்ச்சி புரதங்கள் நீரை ஏற்று இணைவதைத் தாமதப்படுத்தும். மூன்றாவது, நாலைந்து சுற்றுக்கு மேல் கலக்கக் கூடாது. குச்சியால் குத்திக் குத்திக் கலக்கி, மாவுக் கட்டிகள் மிதக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். நம் வீட்டில் பார்த்தால் "மாவு கரைக்கத் தெரியவில்லை" என்பார்கள். அங்கே அதுவே தேர்ச்சி. நான்காவது, எண்ணெய் காய்ந்த பிறகே மாவைக் கரைக்க வேண்டும்.

சொட்டு சொல்லும் வெப்பநிலை

டெம்புராவுக்கு எண்ணெயின் வெப்பம் ஏறத்தாழ 160 முதல் 180 பாகை செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். கிழங்கு வகைக்கு 160ஐ ஒட்டி. இறாலுக்கு 180ஐ ஒட்டி. குறைந்தால் எண்ணெய் குடிக்கும். மிகுந்தால் மேலே கருகி உள்ளே வேகாது.

இதை அளப்பதற்கு நம் ஆய்வுக்கூடத்திலுள்ள 360 பாகை வெப்பமானியைக் கேட்டேன். பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாதரசம் இருக்கிற கண்ணாடியைச் சாப்பிடும் எண்ணெயில் விடுவாயா? உடைந்தால் என்ன ஆகும்?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். பின்னர் இயற்பியல் துறையில், எஃகு முனை கொண்ட மின்னணு வெப்பமானி ஒன்றைக் கொடுத்து உதவினார்கள்.

அதற்குள் ஜப்பானியர் முறையையும் படித்திருந்தேன். மாவில் ஒரு சொட்டு எடுத்து எண்ணெயில் விட வேண்டும். அது அடிவரை போய் மெல்ல எழுந்தால் எண்ணெய் 160 பாகையை ஒட்டியிருக்கிறது. பாதி ஆழம் வரை அமிழ்ந்து உடனே எழுந்தால் 170 முதல் 180 வரை. அமிழாமல் மேலேயே சிதறினால் 200ஐ நெருங்கிவிட்டது. அடுப்பைத் தணிக்க வேண்டும். இதன் தத்துவம் எளிது. சொட்டிலுள்ள நீர் ஆவியாகும்போது குமிழிகள் தோன்றிச் சொட்டை மேலே தூக்குகின்றன. எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் ஆவி பிறக்கும். அவ்வளவு விரைவில் சொட்டு எழும்.

இரண்டாம் முறை செய்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்தேன். அவர் சட்டியருகே வந்தார். நான் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணை அவருக்குக் காட்டாமல் நின்றேன். அவர் விரல் நுனியில் ஒரு சொட்டு மாவெடுத்து எண்ணெயில் விட்டார். பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் காயட்டும்லே."

மறுபடி ஒரு சொட்டு. "ம், இப்பப் போடு."

பார்த்தேன்: 174. அடுப்பைத் தணித்து, கூட்டி, மீண்டும் கேட்டேன். அவர் "போடு" என்று சொன்ன மூன்று முறையும் எண் 170ஐ விட்டு இறங்கவில்லை, 180ஐத் தாண்டவுமில்லை. வெப்பமானியை அவரிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன விலைலே?" என்று மட்டும் கேட்டார்.

அதோடு முடியவில்லை. துண்டுகள் பொரியும்போது அவர் சட்டியைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். காதால் கேட்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. போட்டவுடன் பெரிதாக எழும் இரைச்சல், நீர் குறையக் குறையத் தணிந்து மெலிகிறது. அந்த மாற்றமே 'எடு' என்பதற்கு அடையாளம். ஜப்பானிய டெம்புராச் சமையற்காரரும் ஒலியைக் கேட்டே எடுக்கிறார்கள் என்று படித்திருந்தேன். அவர்களுக்கும் என் அப்பாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஆசிரியர்: நீராவி!

சாற்றில் ஒரு மீன்

டெண்டோனின் உயிர் அதன்மேல் ஊற்றும் சாறு. அதற்கு அடிப்படை 'தாஷி' என்னும் வடிநீர். கொம்பு என்னும் கடற்பாசியையும், காட்சுவோபுஷி என்னும் உலர்ந்த மீன் சீவலையும் நீரில் இட்டு இதை எடுக்கிறார்கள். 1908இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிக்குனே இக்கேடா, கொம்புவின் சுவைக்குக் காரணம் குளூட்டாமிக் அமிலத்தின் உப்பு என்று கண்டறிந்தார். இனிப்பு, புளிப்பு, கைப்பு, உவர்ப்பு ஆகியவற்றில் அடங்காத அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா, 1913இல் மீன் சீவலில் இனோசினேட்டு என்னும் பொருளைக் கண்டார். இவ்விரண்டும் சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பன்மடங்காகப் பெருகுகிறது. இது வேதியியலார் கண்டறிந்து பெயரிட்ட சுவை என்பதில் நமக்கொரு தனிப் பெருமை உண்டு.

ஆனால் நம் ஊரில் காட்சுவோபுஷிக்கு எங்கே போவது? அதன் படத்தைப் பார்த்துக் கவலையோடு உட்கார்ந்திருந்தேன். கடற்கரை ஊரில் பிறந்த என் அம்மா, தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, இது மாசிக் கருவாடுல்லா?"

விறகுக் கட்டைபோல இறுகி, உடைத்தால் உள்ளே சிவந்து, சீவித்தான் எடுக்க வேண்டிய மாசிக் கருவாட்டைத் தென்கோடியில் பிறந்தோர் அறிவர். மாலத்தீவிலும் இலட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காயிலும் சூரை இன மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி அதைச் செய்கிறார்கள். காட்சுவோபுஷியும் மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்வதே. உயர்ந்த வகைக்கு அதன்மேல் ஒருவகைப் பூஞ்சையையும் வளர்க்கிறார்கள். மீனின் அறிவியற் பெயரைத் தேடினேன். காட்சுவோனஸ் பெலாமிஸ். மாசிக்கும் அதே மீன்! அம்மா படிக்காமலே சொன்னது சரியாயிற்று. மறுவாரம் அம்மாவின் ஊரிலிருந்து ஒரு துண்டு மாசி வந்து சேர்ந்தது.

கொம்பு குளிர்ந்த கடலில் வளர்வது. நம் மண்டபம் கடற்கரையில் எடுக்கும் கடற்பாசி வேறு இனம்; அதை இதற்கு மாற்றாகப் போடலாகாது. கொம்பு கிடைக்காவிடில் உலர்ந்த ஷிட்டாக்கே காளானை ஊறவைத்த நீரே போதும். மீன் உண்ணாதோரும் அதைக் கொண்டே சாறு செய்யலாம்.

செய்முறை (நால்வருக்கு)

*சோறு:* பச்சரிசி 300 கிராம். ஜப்பானியர் பயன்படுத்துவது குட்டையான, ஒட்டும் அரிசி. ஒட்டுவதற்குக் காரணம் அதில் அமைலோஸ் குறைந்து அமைலோபெக்டின் மிகுந்திருப்பது. நம் புழுங்கலரிசி உதிர்ந்துவிடும். பச்சரிசியை ஒன்றுக்கு இரண்டு பங்கு நீர் வைத்துக் குழையாமல் வடித்தால் ஓரளவு அருகில் வரும். ஜப்பானிய அரிசி கிடைத்தால் அரை மணி ஊறவைத்து, 360 மில்லி நீர் போதும்.

*சாறு:* அரை லிட்டர் நீரில் இரண்டு ஷிட்டாக்கே காளானை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, சீவிய மாசி 10 கிராம் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிக்கவும். இதில் 100 மில்லி எடுத்து, சோயா சாஸ் 50 மில்லி, சர்க்கரை 30 கிராம் சேர்த்துச் சிறுதீயில் கொதிக்கவிட்டு, மூன்றில் இரு பங்காகச் சுண்டவிடவும். ஜப்பானியர் மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவைச் சேர்ப்பார்கள். நான் சர்க்கரையோடு நிறுத்திக்கொண்டேன். சோயா சாஸே உப்பானது. உப்புப் போட வேண்டா. எஞ்சிய வடிநீரை வேறு குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

*உள்ளே வைப்பவை:* நடுத்தர இறால் எட்டு. கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், வெண்டைக்காய். வெண்டைக்காயை ஜப்பானியரும் டெம்புராவாகப் பொரிக்கிறார்கள். கிழங்கை அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கவும். வெண்டைக்காயில் ஓரிடத்தில் கீறிவிடவும். இல்லையேல் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். இறாலை வால் நீங்கலாக உரித்து, முதுகு நரம்பை எடுத்து, வயிற்றுப் பக்கம் நாலைந்து இடத்தில் குறுக்கே இலேசாகக் கீறி நிமிர்த்தினால் பொரியும்போது சுருளாது. வால் நுனியைச் சற்று வெட்டி, உள்ளிருக்கும் நீரைக் கத்தியால் வழித்துவிட வேண்டும். எண்ணெய் தெறிப்பதற்குப் பெருங்காரணம் அந்த நீரே. எல்லாவற்றையும் துணியால் ஈரம் போகத் துடைத்து வைக்கவும்.

*மாவு:* மைதா 100 கிராம், அரிசி மாவு 20 கிராம், முட்டை ஒன்று, குளிர்ந்த நீர் 150 மில்லி. முட்டையை நீரில் கலக்கிய பின், மாவை ஒரே தடவையாகக் கொட்டிக் குச்சியால் நாலைந்து முறை கிளறி நிறுத்துக. முட்டை வேண்டாதோர் குளிர்ந்த சோடா நீர் 200 மில்லி சேர்க்கலாம். நம் பஜ்ஜிக்குப் போடும் சமையல் சோடா இதற்குத் தேவையில்லை.

*பொரித்தல்:* துண்டுகளை முதலில் உலர்ந்த மைதாவில் புரட்டி, பின் கரைத்த மாவில் தோய்த்து எண்ணெயில் விடவும். ஒரு நேரத்தில் எண்ணெயின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் நிறையலாகாது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் தேவை. நிறையப் போட்டால் அத்தனை நீரும் ஒரே நேரத்தில் வெப்பத்தை உறிஞ்சி எண்ணெயைக் குளிர்வித்துவிடும். கிழங்குக்கு மூன்று நிமிடம். இறாலுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். வெண்டைக்காய்க்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்.

*அடுக்குதல்:* கிண்ணத்தில் சூடான சோற்றை வைத்து ஒரு கரண்டி சாறு ஊற்றவும். பொரித்த துண்டுகளைச் சாற்றில் ஒரு கணம் முக்கியெடுத்துச் சோற்றின்மேல் சாய்த்து அடுக்கி, உடனே உண்ணவும். மேலே மொறுமொறுப்பும், அடியில் சாறு ஊறிய மென்மையும், அதற்கும் கீழே சாறு இறங்கிய சோறும் ஒரே வாயில் கிடைப்பதே டெண்டோனின் சுவை. காத்திருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும்.

எச்சரிக்கை ஒன்று. எண்ணெயில் மிதக்கும் மாவுத் துணுக்குகளை அவ்வப்போது அரித்தெடுக்க வேண்டும். கருகினால் எண்ணெயைக் கெடுக்கும். அரித்த துணுக்குகளைச் சூட்டோடு குவித்து வைக்கலாகாது. அவற்றிலுள்ள எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து வெப்பம் சேர்ந்து, தானே தீப்பற்றியதுண்டு. ஜப்பானியத் தீயணைப்புத் துறையினர் இதைப் பற்றி மக்களை எச்சரிக்கிறார்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் நீர் ஊற்றாதீர். அடுப்பை அணைத்து மூடியால் மூடுக.

அப்பா கேட்ட கேள்வி

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாக முடிந்தபின், அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"எண்ணெய்க்குள்ள கெடக்கும்போது குடிக்கிறதை விட, எடுத்து வச்ச பெறகுதாம்லே பஜ்ஜி அதிகமா எண்ணெய் குடிக்குது. அது ஏன்?"

எனக்கு உடனே விடை தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சட்டியருகே நின்று அவர் கண்ட உண்மை அது. இரண்டு நாள் படித்த பிறகுதான் விளங்கிற்று. பொரியும்போது உள்ளிருந்து ஆவி விடாமல் வெளியே வந்துகொண்டிருக்கிறது. அது எண்ணெயை உள்ளே நுழையவிடாமல் தள்ளுகிறது. வெளியே எடுத்ததும் பொருள் குளிர்கிறது. நுண்துளைகளிலுள்ள ஆவி நீராகச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே எடுத்த உடனே நன்கு உதறி, குவிக்காமல், கம்பி வலைமேல் பரப்பி வைத்தால் எண்ணெய் உள்ளே போவதற்கு முன் வடிந்துவிடும். ஜப்பானியரும் வலைத்தட்டில்தான் வைக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். மறுநாள் மாலை வண்டியில், தாள் விரித்த தட்டுக்குப் பதிலாக ஒரு கம்பி வலை இருந்தது. நான் கற்ற வேதியியல் எங்கள் வீட்டுக்குப் பயன்பட்ட முதல் நாள் அதுதான்.

கண்காட்சி நாள்

"பொரிப்பது யார்?" என்று பேராசிரியர் பட்டியல் எழுதியபோது கேட்டார். "என் தந்தையார், ஐயா. பேருந்து நிலையத்தில் பஜ்ஜி வண்டி வைத்திருக்கிறார்" என்றேன். அன்று உடன் வந்த நால்வரில் ஒருவன் என் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்குச் சாப்பிட்டோமே, அந்த வண்டியா?"

"ஆமாம்."

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீயும் காசு குடுத்தியேடா" என்றான். நான் விடை சொல்லவில்லை.

அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வெப்பமானியை நான் பிடிக்க, அவர் சொட்டு விட்டு "போடலாம்" என்றார். எண் 176 என்று காட்டியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பேராசிரியர் அவரருகே வந்து, ஒலியை வைத்து எப்படிக் கண்டுகொள்கிறீர்கள் என்று விவரமாகக் கேட்டார். அப்பா முதலில் கூச்சப்பட்டார். பிறகு பத்து நிமிடம் விளக்கினார். பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜப்பான்காரனும் சொட்டு விட்டுத்தான் பாப்பானாலே?"

"ஆமாம்ப்பா."

"ம்," என்றார்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நம் பெற்றோர் உழவிலும் நெசவிலும் கொத்து வேலையிலும் அடுப்படியிலும் கண்டறிந்து வைத்தவை பல. அவற்றுக்குரிய காரணத்தைச் சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு முதலில் நாம் அவர்கள் அருகே போய் நிற்க வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் நான் வண்டியருகேதான் இருப்பேன். வாருங்கள், பஜ்ஜி சூடாக இருக்கும். வலைமேல் வைத்தது; எண்ணெய் குடிக்காது.